ரோஸ் தாள் வராத நாட்கள்

மணி பதினொன்றே கால். பக்கத்தில் அக்கா புனிதாவும் அவள் குழந்தையும் தூங்குகிறார்கள். அக்காவிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் நாளைக்கு என்னை வேலைக்கு அனுப்ப மாட்டாள். நான் போகாவிட்டால் தப்பு முழுவதும் என் மேல் என்று ஆகிவிடும்.

என் பெயர் ஜாக்குலின். பதினெட்டு முடிந்து மூன்று மாதம் ஆகிறது. விழுப்புரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறேன். பார்த்துக்கொள்வது என்றால், சர்வர் நின்றுபோனால் ரீஸ்டார்ட் செய்வது. இந்த ஒரு மாதத்தில் ஆறு தடவை செய்தேன். அதில் ஒரு தடவை, நான் செய்ததால் ஒரு பெண்ணுக்குப் போக வேண்டிய சேதி போகவில்லை.

எங்கள் லேபுக்குத் திண்டிவனத்தில் ஒரு கிளை உண்டு. அங்கே ராஜாமணி அண்ணன் ஒருவர்தான். அங்கிருக்கும் நர்சிங் ஹோம்களில் எடுக்கிற ரத்தம் அவரிடம் வரும். அவர் பெட்டியில் வைத்து பஸ்ஸில் ஏற்றிவிடுவார். மதியத்துக்குள் இங்கே மெஷினில் போடுவோம். மெஷின் சொல்வதை சர்வர் எழுதிக்கொள்ளும். இரவு எட்டு மணிக்கு எல்லா ரிப்போர்ட்டும் அவரவர் போனுக்குப் போய்விடும். ஆனால் உயிருக்கு ஆபத்தான அளவு வந்தால் எட்டு மணி வரைக்கும் காத்திருக்கக் கூடாது. அந்த நிமிஷமே திண்டிவனம் பிரிண்டரில் ரோஸ் கலர் தாளில் அச்சாகும். ராஜாமணி அண்ணன் அதைப் பார்த்து டாக்டருக்குப் போன் செய்ய வேண்டும். அதற்காகவே அந்த பிரிண்டரில் ரோஸ் தாள் மட்டும் வைத்திருப்பார்கள்.

ஆகஸ்ட் பிறந்ததும் சர்வர் படுத்தத் தொடங்கியது. ரீஸ்டார்ட் செய்த அன்று நன்றாக ஓடும். மறுநாள் கொஞ்சம் இழுக்கும். அதற்கு மறுநாள் நோயாளி பெயரை அடித்தால் எழுத்து ஒவ்வொன்றாக வரும். அப்புறம் ஒரேயடியாக நின்றுவிடும். லேப் ஓனர் வேங்கடேசன் சார் முதலில் சூடு என்றார், ஏசி போட்டார். அப்புறம் தூசி என்றார், ஒரு நாள் முழுக்க ஊதித் துடைத்தேன். சாப்ட்வேர் போட்டுக்கொடுத்த சென்னைக்காரர் போனிலேயே ரேம் பத்தவில்லை என்றார். இரண்டு மடங்கு ரேம் போட்டோம். மூன்று நான்கு நாளுக்கு ஒரு தடவை நின்றது ஒரு வாரத்துக்கு ஒரு தடவை நின்றது. சார் சந்தோஷப்பட்டார். எனக்குத்தான் உறுத்தியது. பத்தவில்லை என்றால் ரேம் போட்டதும் சரியாகியிருக்க வேண்டும். எதுவோ உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டே இருக்கிறது, எழுந்து போவதில்லை. நாங்கள் பெரிய பெஞ்சு போட்டோம், அதுவும் ரொம்பிவிட்டது.

போன வாரம் ஒரு நோட்டு போட்டேன். அரை மணிக்கு ஒரு தடவை மெமரி எவ்வளவு மிச்சம் என்று எழுதினேன். லேபில் மூத்த டெக்னீஷியன் செண்பகம் அக்கா எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

"என்னாடி, சர்வருக்கு ஜுரம் பாத்துக்கினு இருக்கிற? மாத்திரை எதனா எழுதிக் குடேன்."

நோட்டில் இரண்டு விஷயம் தெரிந்தது. மெமரி சரிவாகக் குறையவில்லை. படிப்படியாகக் குறைந்தது, ஒவ்வொரு படியும் ஒரே உயரம். அப்புறம், பழைய தேதிகளை எடுத்துப் பார்த்தேன். ஆறு தடவையும் சர்வர் நின்றது செவ்வாய்க்கிழமை, இல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை. செண்பகம் அக்காவிடம் கேட்டேன், செவ்வாய் வெள்ளியில் நமக்கு என்ன விசேஷம் என்று. திண்டிவனத்து டயாலிசிஸ் ரத்தம் வருகிற நாள் என்றாள். சிறுநீரகம் போனவர்களுக்கு டயாலிசிஸ் புதனும் சனியும். முந்தின நாளே ரத்தம் எடுத்து அனுப்புவார்கள். பொட்டாசியம் ரொம்ப ஏறியிருந்தால் இதயம் நின்றுவிடும். ரோஸ் தாள் வந்தால் மறுநாள் வரைக்கும் விடாமல் அன்றைக்கே கூப்பிட்டு டயாலிசிஸ் மெஷினில் போட்டுவிடுவார்கள்.

அப்போதுகூட எனக்குப் புரியவில்லை.

இன்று செவ்வாய். மூன்று மணிக்கு சர்வர் நிற்கிற நிலைக்கு வந்துவிட்டது. உள்ளே என்னென்ன ஓடுகிறது என்கிற பட்டியலைத் திறந்தேன். திறக்கவே நாலு நிமிஷம் ஆனது. ஒரே பெயர் திரும்பத் திரும்ப இருந்தது. ரோஸ் தாள் அச்சடிக்கிற புரோகிராம், இருபத்து மூன்று தடவை. எதுவும் வேலை செய்யவில்லை. எல்லாம் திண்டிவனம் பிரிண்டரின் பதிலுக்குக் காத்திருந்தன. எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்று எழுதியவர் கணக்கு வைக்கவில்லை. அதனால் அவை காத்துக்கொண்டே இருந்தன. ஒவ்வொன்றுக்கும் எதிரில் ஒரு நோயாளியின் நம்பர்.

கண்டுபிடித்துவிட்டேன் என்று ஒரு நிமிஷம் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

வேங்கடேசன் சார் வாசலிலிருந்து ரீஸ்டார்ட் பண்ணச் சொன்னார். கை போனது. ரீஸ்டார்ட் செய்தால் இந்த இருபத்து மூன்றும் அழிந்துவிடும் என்று அப்போதுதான் உறைத்தது. முன்பு ஆறு தடவையும் அப்படித்தான் அழிந்திருக்கிறது. கையை எடுத்துவிட்டு ராஜாமணி அண்ணனுக்குப் போன் செய்தேன். ரோஸ் தாள் பிரிண்டர் ஓடுகிறதா என்று கேட்டேன்.

"ஓடுதே. ஏம்மா?"

"லைட்டு எரியுதா பாருங்கண்ணா."

எழுந்து போகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து லைட் எரியவில்லை என்றார்.

யூபிஎஸ்ஸில் பேட்டரி வீக்காம். கரண்ட் போனால் ரத்தம் வைக்கிற ஃப்ரிட்ஜும் சேர்ந்து நின்றுவிடுகிறது என்று ஜூலை கடைசியில் பிரிண்டரை மட்டும் கழற்றி சுவர் பிளக்கில் மாட்டியிருக்கிறார். அடுத்த தடவை கரண்ட் போனபோது அது அணைந்திருக்கிறது. கரண்ட் வந்தால் தானாக ஆன் ஆகாது, பொத்தானை அழுத்த வேண்டும். அது அவருக்குத் தெரியாது.

"ஒரு மாசமா ரோஸ் தாளு வரலம்மா," என்றார். குரல் மாறிவிட்டது. "எல்லாரும் நல்லா இருக்காங்கன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

பொத்தானை அழுத்தச் சொன்னேன். போன் வழியாகவே அந்தச் சத்தம் கேட்டது. ஒரு தாள், இன்னொரு தாள். இங்கே என் திரையில் பட்டியல் ஒவ்வொரு வரியாகக் குறைந்தது. இருபத்து மூன்றும் போனதும் சர்வர் புதுசு மாதிரி ஓடியது. ராஜாமணி அண்ணன் பெயர் பெயராகப் படித்தார். அதில் ஒன்பது பேர் இன்றைய ஆட்கள். மீதி வெள்ளிக்கிழமைத் தாள்கள், சனிக்கிழமையே டயாலிசிஸ் முடிந்தவர்கள். அவரும் செண்பகம் அக்காவும் ஆளுக்கு ஒரு போனில் டாக்டர்களைப் பிடித்தார்கள். ஆறு மணிக்குள் ஒன்பது பேரும் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார்கள்.

பழைய ஆறு தடவை அழிந்தவர்களை என்ன செய்வது என்று சாரிடம் கேட்டேன். அவர் உட்காரவில்லை. எட்டு மணி ரிப்போர்ட் போய்க்கொண்டுதானே இருந்தது என்றார். வெள்ளிக்கிழமை சென்னையிலிருந்து ஆள் வந்து எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதுசாகப் போடுவாராம். அதுவரைக்கும் யாருக்கும் போன் போடக்கூடாது என்றார். அப்புறம், கோபமே இல்லாமல், கேட்டார்.

"ஆறு தடவையும் ரீஸ்டார்ட் பண்ணது யாரு லாகின்னு பாத்தியாம்மா?"

என் லாகின்தான்.

எல்லோரும் கிளம்பியதும் நான் பட்டியல் எடுத்தேன். ஒரு மாதத்தில் ஆபத்தான அளவு வந்த திண்டிவனத்துக்காரர்கள். அழிந்தது தொண்ணூற்றாறு தாள், ஆட்கள் முப்பத்தொரு பேர். உயிரோடு இருக்கிறார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது? டயாலிசிஸ்காரர்கள் வாரத்துக்கு இரண்டு தடவை ரத்தம் கொடுப்பார்கள். அதற்கு அப்புறமும் ரத்தம் வந்திருந்தால் ஆள் இருக்கிறார். ஒவ்வொரு பெயராக அடித்தேன். பின்னால் ஒரு தேதி இருந்தால் டிக் போட்டேன். முப்பது டிக்.

அமல்ராணி. வயது முப்பத்து நாலு. ஒலக்கூர் பக்கம். மே மாதத்திலிருந்து ஒரு செவ்வாய், ஒரு வெள்ளி தப்பியதில்லை. கடைசியாக ஆகஸ்ட் எட்டு, வெள்ளி, மதியம் ஒன்று இருபது. பொட்டாசியம் ஏழு புள்ளி நாலு. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. அன்றைக்கு நான் ரீஸ்டார்ட் செய்தது நாலு மணி ஐந்து நிமிஷத்துக்கு.

வீட்டுக்குப் போக கோலியனூர் பஸ்ஸுக்கு நிற்கும்போது என் போனிலிருந்தே கூப்பிட்டேன். அவர் கணவர் எடுத்தார். லேபிலிருந்து பேசுகிறேன் என்றதும் மரியாதையாகப் பேசினார்.

"ரிப்போர்ட்டுங்களா? அது அன்னைக்கி ராத்திரியே போன்ல வந்துடுச்சுங்க. நாங்கதான் பாக்கல. அமல்ராணி ஏழு மணிக்கே போயிடுச்சு. டீ போட்டுக்கினு இருந்துச்சு, அப்பிடியே உக்காந்துடுச்சு."

அவரே கேட்டார்.

"ஏங்க, அதுல எதனா தப்பா இருந்துச்சுங்களா?"

"இல்லீங்க," என்றேன். "சும்மா செக் பண்ணோம்."

சரிங்க என்று வைத்துவிட்டார். பஸ் வந்தது, ஏறினேன், இறங்கினேன், அக்கா போட்ட சோற்றைத் தின்றேன். அந்த 'இல்லீங்க' மட்டும் கூடவே வந்தது. ரீஸ்டார்ட் செய்தபோது எனக்குத் தெரியாது. இதைச் சொன்னபோது தெரியும்.

பத்தரைக்கு அவரிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது. எங்கள் ரிப்போர்ட்டை எங்கேயோ பிரிண்ட் போட்டு, பொட்டாசியம் வரியை நீலப் பேனாவால் வட்டம் போட்டிருக்கிறார். கீழே ஒரு வாய்ஸ் மெசேஜ். அக்கா எழுந்துவிடக் கூடாது என்று காதில் ஒட்டி வைத்துக் கேட்டேன்.

"சவுரிராயன் பேசறங்க, அமல்ராணி வூட்டுக்காரு. இந்த எடத்துல மட்டும் ஸ்டார் போட்டு இருக்குதே, அது என்னாங்க? நீங்க போன் பண்ணப்பறம்தான் எடுத்துப் பாத்தேன்."

நான் கேட்டது அவருக்குத் தெரிந்திருக்கும். டிக் நீலமாகியிருக்கும். முக்கால் மணி நேரமாக நான் ஒன்றும் எழுதவில்லை. சார் சொன்னதை நினைத்தேன். என் லாகினை நினைத்தேன். அக்கா வீட்டு வாசலில் போலீஸ் நிற்பதை நினைத்தேன். வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் அந்த ஒன்று இருபது என்கிற நேரம் எங்கேயும் இருக்காது என்பதையும் நினைத்தேன்.

பட்டியல் நோட்டில் இருக்கிறது. அமல்ராணி பக்கத்தைப் போட்டோ எடுத்து அவருக்கு அனுப்பினேன். கீழே எழுதினேன்.

"ஸ்டார் போட்டா உயிருக்கு ஆபத்துன்னு அர்த்தங்க. மத்தியானம் ஒண்ணு இருபதுக்கே எங்களுக்கு வந்துடுச்சு. உடனே உங்களுக்குச் சொல்லி இருக்கணும். சொல்லலங்க. சாயங்காலம் நான் உங்ககிட்ட பொய் சொன்னேன். என் பேரு ஜாக்குலின்."

இரண்டு டிக் விழுந்தது. இன்னும் நீலமாகவில்லை. அதற்குள் அழித்துவிடலாம். அழித்தால் அழித்தேன் என்று மட்டும்தான் அவருக்குத் தெரியும். போனை ஆஃப் செய்து தலையணைக்கு அடியில் வைத்துவிடலாமா என்று கூடக் கை போனது.

ஆஃப் செய்யவில்லை. சத்தத்தைக் கூட்டி, குழந்தைக்கு எட்டாத பக்கம் வைத்திருக்கிறேன்.