காளையின் காலடியில் வீ.சு.

…இல்லை, அது வீ.சு.வாக இருக்காது, நுரை கண்ணில் பட்டிருக்கும், இமையில் ஈரம் நின்றால் எதைப் பார்த்தாலும் வீ.சு. மாதிரிதான் தெரியும், என்று குருசாமி கண்ணை இறுக மூடித் திறந்தான்; திறந்தபோதும் அது அங்கேயேதான் இருந்தது. மொக்கையன் சலூனின் மண்சுவரில், கண்ணாடிக்கு இடப்புறம், கஞ்சிப்பசை போட்டு ஒட்டிய பழைய பத்திரிகைத் தாளில், மாட்டுக் கண்காட்சியில் முதல் பரிசு வாங்கிய காங்கேயம் காளை, அதன் பின்னங்கால் குளம்புக்குக் கீழே மூலையில் ஒரு வீ, சற்றே சாய்ந்து, வாலைச் சுழித்து, அந்தச் சுழிக்குள் மடியில் உட்கார்ந்த பிள்ளை மாதிரி ஒரு சு. பத்திரிகைச் சித்திரக்காரர் வீ.சு.வின் கையெழுத்து, இந்த இரண்டு எழுத்தையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அடையாளம் சொல்வான் அவன், கொழிஞ்சாம்பாறையில் அப்படிச் சொல்லக்கூடியவன் அவன் ஒருவன்தான், அதனால்தானே இன்று சாயங்காலம் வாசகசாலையில் அவன் சேர்த்த படங்களின் கண்காட்சி, அதனால்தானே அச்சடித்த நோட்டீசில் ‘கலாரசிகர் குருசாமி அவர்கள்’ என்று… ஆனால் இந்தக் காளை வரைந்த காளை இல்லையே, போட்டோவாயிற்றே, மூக்கணாங்கயிற்றைப் பிடித்திருக்கிறவனின் நிழல்கூடத் தரையில் விழுந்திருக்கிறதே. போட்டோவில் சித்திரக்காரருக்கு என்ன வேலை?

“தலைய ஆட்டாதீக மொதலாளி, கத்திக்குத் தெரியாது நீங்க யாருன்னு,” என்றான் மொக்கையன். உடும்பஞ்சோலை ஏலத்தோட்டத்தில் கங்காணிமார்களுக்குச் சவரம் செய்துகொண்டிருந்து, மலைக்குளிர் ஒத்துக்கொள்ளாமல் இறங்கி வந்தவன், வரும்போது தோட்டத்துக் கணக்கப்பிள்ளை வீட்டில் கழித்துப்போட்ட பத்திரிகைகளை ஒரு கட்டு சுமந்து வந்து சுவர் முழுக்க ஒட்டிவிட்டான். அன்று முதல் இந்தக் காளை இங்கேதான் நின்றிருக்க வேண்டும், குருசாமியும் வாரம் தவறாமல் இதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறான், எப்படிக் கண்ணில் படாமல் போயிற்று… கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்தவன் கண்ணாடிக்குப் பக்கத்தில் இருப்பதை எங்கே பார்க்கிறான், இன்று கூரை ஒழுகுகிறதென்று மொக்கையன் நாற்காலியை நகர்த்திப் போட்டதால் தன் முகம் போய்க் காளையின் முகம் வந்தது. வீ.சு. போட்டோவும் பிடிக்கக் கற்றுக்கொண்டாரோ? கற்றுக்கொண்டிருக்கலாம், மேதைகளுக்கு எல்லாம் வரும். சாயங்காலப் பேச்சில் இதையும் சேர்த்துக்கொள்ளலாம், ‘தூரிகையைத் துறந்து காமிராவை ஏந்திய அந்தக் கடைசிக் காலம்’ என்று… நல்ல வரிதான், ராவ் சாகிப் தலையை ஆட்டுவார். அவர் இன்னும் ராவ் சாகிப் ஆகவில்லை, முதலமடையில் மாந்தோப்பு வைத்துக்கொண்டு பட்டத்துக்காகக் கலெக்டர் பங்களாவுக்குக் கூடை கூடையாகப் பழம் அனுப்பிக்கொண்டிருக்கிறார், ஆனாலும் நோட்டீசில் அப்படிப் போட்டால்தான் தலைமை வகிக்க வருவேன் என்று சொல்லிவிட்டார், போட்டாயிற்று. ஒரே நோட்டீசில் ஒருவர் ராவ் சாகிப், ஒருவன் கலாரசிகன், வாங்காத பட்டம் இரண்டு.

எப்படி ஆரம்பித்தது இது… அவன் மளிகைக்கடைக்குப் பொட்டலம் கட்டப் பொள்ளாச்சியிலிருந்து பழைய பத்திரிகை கட்டுக்கட்டாக வரும், கிழித்துக் கிழித்துக் கை மரத்துப்போகும், அப்படி ஒருநாள் சீரகத்துக்குத் தாள் கிழிக்கும்போது ஒரு படம், ஏதோ தொடர்கதைக்குப் போட்டது, ஒரு பெண் முதுகைக் காட்டிக்கொண்டு வாசலைப் பார்த்து நிற்கிறாள், முகமே இல்லை, பிடரியில் இரண்டு மூன்று முடி மட்டும் பிரிந்து கிடக்கிறது. அந்தப் பிடரியைப் பார்த்தாலே அவள் யாருக்காகவோ நின்று நின்று அலுத்துவிட்டாள் என்று தெரியும். கிழிக்கக் கை வரவில்லை. சீரகம் வாங்க வந்தவர் திட்டிவிட்டு எதிர்க்கடைக்குப் போனார். அதை எடுத்து வைத்தான், அடுத்த கட்டில் இன்னொன்று, அப்புறம் யார் வரைந்தது என்று தெரிய வேண்டாமா என்று மூலைகளைத் தேட ஆரம்பித்தான், வீ.சு. அகப்பட்டார். அதற்கப்புறம் வேலை சுலபமாகிவிட்டது, மூலையில் வீ.சு. இருந்தால் டிரங்குப் பெட்டிக்கு, இல்லாவிட்டால் மிளகாய்க்கு. பெட்டியைத் திறந்தால் பெருங்காயமும் கடுகும் கலந்த வாசனை வரும், வாசகசாலைக்காரர்கள் மூக்கைச் சுளித்துக்கொண்டே ஆகா என்பார்கள். கமலாத்தாளுக்கு மட்டும் பெண்டாட்டிக்குரிய சந்தேகம். “அந்த மனுசன் ஒருநா நம்மூட்டுக்கு வந்து ஒரு வாய் சோறு திங்கட்டுமுங்க, அப்பறம் நானு நம்பறன், அப்படி ஒருத்தரு இருக்கறாருன்னு.” அவள் அப்படிச் சொன்னதற்காகவே வீ.சு.வுக்கு ஒரு வாழ்க்கையை உண்டாக்க வேண்டியதாயிற்று. பொய் என்று சொல்ல முடியாது, படங்களைப் பார்த்தே கண்டுபிடித்ததுதான். ஆரம்பத்தில் கோடெல்லாம் மெல்லிசு, அது இளமை. நடுவில் கறுப்பு அதிகம், அது மனைவி இறந்த துக்கம். அப்புறம் திடீரென்று ஹாஸ்யப் படங்கள், குடுமி பறக்க ஓடும் வக்கீல், தொந்தி தள்ளும் மிராசுதார், அது துக்கத்தைக் கடந்த ஞானம். வீ.சு. என்றால் விரித்துச் சொன்னால் என்ன என்று வாசகசாலைக் கூட்டத்தில் வாத்தியார் ஏசுரத்தினம் எழுந்து கேட்டபோது, ஒரு நொடிகூடத் தயங்காமல் வீரபாகு சுந்தரம் என்று சொன்னானே, அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? வாயில் வந்தது. வாயில் வந்தது இப்போது அச்சில் இருக்கிறது. அது போதாதென்று திறந்து வைக்க ஒரு உருவப்படம் வேண்டுமென்றார்கள், அவர் முகத்தை யார் கண்டது, திருவிழாக் கூட்டப் படமொன்றில் ஓரமாகச் சால்வை போர்த்திக்கொண்டு நிற்கும் ஒல்லி ஆசாமியைக் காட்டி, இதுதான் அவர் தம்மையே வரைந்துகொண்டது என்று சொல்லி, பாலக்காட்டில் கொடுத்துப் பெரிதாக எழுதிவாங்கிச் சட்டம் போட்டு… மாலைகூடச் சொல்லியாயிற்று.

காளைக்குக் கீழே இன்னொரு தாள், கூந்தல் தைல விளம்பரம், ஒரு சீசா, வேறொன்றும் இல்லை, சீசாவின் அடியில் வீ.சு. அதற்குப் பக்கத்தில் ரயில் பாதை போட்ட படம், எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு என்று கோடு, கடலுக்குள் வீ.சு. காளையும் தைலமும் ரயிலும்… துக்கத்தைக் கடந்த ஞானியானவர் ஏன் ரயில் பாதை போட்டுக்கொண்டு கிடக்கிறார்? வயிற்றுப் பிழைப்போ என்னவோ என்று ஒரு சமாதானம் எழும்பியது, எழும்பிய வேகத்தில் உட்கார்ந்துவிட்டது, ஏனென்றால் அந்த நேரம் பார்த்துப் பொள்ளாச்சி அச்சாபீஸ்காரர் ஞாபகத்துக்கு வந்தார். கடைக்குத் தீபாவளி நோட்டீஸ் அடிக்கப் போனபோது பிள்ளையார் படம் வேண்டுமென்றான், அவர் சொன்னார், “படத்துக்கு பிளாக்கு பட்டணத்துல இருந்துதானுங்க செஞ்சு வரோணும். யாரு வரஞ்ச படமா இருந்தாலும் பிளாக்கு வெட்டறவன் மூலையில அவம்பேரை வெட்டிக்குவானுங்க, அது அவனுக்கு வெளம்பரம்.” குருசாமி அன்று சிரித்தான், பிள்ளையாருக்கே கையெழுத்தா என்று. அந்தப் பிள்ளையார் மூலையில் வேறு யார் பெயரோ இருந்தது, அதனால் உறைக்கவில்லை. இப்போது உறைத்தது. சித்திரக்காரன் வரைந்து கொடுப்பான், போட்டோக்காரன் பிடித்துக் கொடுப்பான், தைலக்காரன் சீசாவைக் கொடுப்பான், எல்லாவற்றையும் தகட்டில் செதுக்கி அச்சாபீசுக்கு அனுப்புகிறவன் ஒருவன், அவன் வீ.சு. அவன் எதையும் வரையவில்லை. இளமையும் துக்கமும் ஞானமும் வேறு வேறு மூன்று பேருடையது, இல்லை முப்பது பேருடையது, அவர்களெல்லாம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருக்கவும் மாட்டார்கள்… சால்வை போர்த்திய அந்த ஒல்லி ஆசாமி யார்? திருவிழாவுக்கு வந்த யாரோ. அவனுக்குத்தான் சாயங்காலம் மாலை.

“ஏனுங்க குருசாமி, இன்னும் எத்தன நேரமுங்க?” பின்னால் பெஞ்சியிலிருந்து ஏசுரத்தினம். வாசகசாலைக் காரியதரிசி, ஊரில் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரே ஆள், அடுத்து இந்த நாற்காலி அவருக்குத்தான். அடுத்து இந்த நாற்காலி அவருக்குத்தான்… தலையைச் சாய்த்துக் காளையைப் பார்த்துக்கொண்டு கால் மணி நேரம் உட்காரப் போகிறார், வேறு எதைப் பார்ப்பார், பிள்ளைகளின் சிலேட்டில் விட்டுப்போன ஒரு புள்ளியைக் கண்டுபிடிக்கிறவர். பார்த்ததும் ஒன்றும் சொல்லமாட்டார், சாயங்காலம் ராவ் சாகிப்புக்கு முன்னால், கூட்டத்துக்கு நடுவில், கனைத்துக்கொண்டு எழுந்து ‘ஒரு சின்னச் சந்தேகமுங்க’ என்பார். அப்புறம் கலாரசிகன் எங்கே, முன்னால் ஊர் கூப்பிட்ட மளிகைக்கடைப் ‘புளி’ குருசாமிதான், புளி என்பதும் போய் வேறு ஏதாவது வைப்பார்கள், இந்த ஊரில் பெயர் வைப்பதற்கு யாரும் அச்சாபீசைத் தேடிப் போவதில்லை. “முடிஞ்சிருச்சுங்க மொதலாளி,” என்று மொக்கையன் படிகாரக்கல்லைத் தேய்த்தான். “தலையையும் கொஞ்சம் கொறச்சுரப்பா,” என்றான் குருசாமி. போன வாரம்தான் குறைத்தது, மொக்கையன் கத்தரிக்கோலை எடுத்தான். “விசேஷமுங்களா? ராவ் சாகிப்பே ஒரு சவரத்தோட வந்துருவாராட்ட இருக்குது,” என்றார் பெஞ்சியிலிருந்து ஏசுரத்தினம். தலை முடிந்தது, காது மயிர் என்றான், காது முடிந்தது, பிடரி என்றான், மொக்கையா, அந்தக் காளைப் படத்தை எனக்குக் கொடுத்துவிடு, கடைக்கு வந்தால் வேறு நல்ல படமாகத் தருகிறேன் என்று மெதுவாகக் கேட்டும் பார்த்தான். “அதுக்குப் பின்னால செவுரு இல்லீக மொதலாளி, பெருச்சாளி போட்ட ஓட்டைதான் இருக்கு. காளைதான் காத்தத் தடுத்துக்கிட்டு நிக்குது.” இனிக் கேட்க என்ன மிச்சம் என்று முகத்தில் தேடினான், மீசை இருந்தது. “இதையும் எடுத்துரு.” மொக்கையன் கை நின்றது. “மீசையவா? எதுக்கு மொதலாளி, ஆகாத காரியம் எதுவும் நடந்துபோச்சா?” அப்பன் செத்தபோது எடுத்தது, அதற்குப் பிறகு எடுத்ததில்லை. எடு என்றான். எடுத்துக்கொண்டிருக்கும்போது பெஞ்சி எழுந்து போய்விடும், பள்ளிக்கூட மணி அடித்துவிடும் என்று ஒரு நம்பிக்கை, பாதி மீசையில் ஞாபகம் வந்தது, இன்று ஞாயிற்றுக்கிழமை.

எழுந்தான். ஏசுரத்தினம் வந்து உட்கார்ந்து, அவன் மேலுதட்டைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, “வீ.சு.வுக்கு மீசை இல்லீங்களோ,” என்றார், அவ்வளவுதான். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துணியில் சுற்றி, சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். சோப்புப் போடும்போது யார் கண்ணாடியோடு உட்கார்வார்கள்… கண்ணாடி இல்லாமல் அவருக்குக் காளை என்ன, யானை நின்றாலும் தெரியாது, ஊருக்கே தெரிந்த விஷயம், குருசாமிக்கும் தெரிந்ததுதான். காற்று மேலுதட்டில் பட்டுச் சில்லென்றது. அப்படியானால் ஒருவருக்கும் தெரியாது, ஒருவருக்கும் தெரியப் போவதில்லை, மாலை விழும், ராவ் சாகிப் தலையை ஆட்டுவார், நோட்டீசில் உள்ளதெல்லாம் நோட்டீசில் உள்ளபடியே நடக்கும். நல்லதுதானே. நல்லதென்றால் ஏன் கால் கடைப்பக்கம் போகாமல் சந்தைப்பக்கம் ஒரு சுற்றுச் சுற்றுகிறது, வீரபாகு சுந்தரம் செத்துப்போன மாதிரி ஏன் இருக்கிறது, பிறந்தால்தானே சாவதற்கு… மீசைகூட எடுத்தாயிற்று அவருக்கு.

கடையில் கமலாத்தாள் மல்லி நிறுத்துக்கொண்டிருந்தாள், எதிரே துணிக்கடை ராவுத்தர் வீட்டு ஐசும்மா. “ஏனுங்க, மீசை எங்கீங்க?” என்றாள் கமலாத்தாள், பதிலுக்குக் காத்திராமல் தாளைக் கிழித்து, சுருட்டி, மல்லியைக் கொட்டி, நூலைச் சுற்றினாள். நூல் சுற்றுகிற நேரம்தான் அவன் பார்த்தது, பொட்டலத்தின் மேல்பக்கம் ஒரு படம், முழுதாகக்கூட இல்லை, ஒரு பெண்ணின் பிடரி, அதில் இரண்டு மூன்று முடி பிரிந்து… கண் பழக்கப்படி நேராக மூலைக்குத்தான் போயிற்று, மூலை காலியாக இருந்தது. மூலை காலி என்றால் மிளகாய்க்கு, அவன் போட்ட சட்டம்தான், கமலாத்தாள் இம்மி பிசகாமல் நடத்திக்கொண்டிருக்கிறாள். எத்தனை பிடரி போயிருக்கும் இப்படி, எந்தெந்த வீட்டு அடுப்பில், அதே கை வரைந்து, பிளாக் வெட்ட வேறொருவனுக்குப் போன படங்களெல்லாம்… முதல் படத்தின் மூலையில் வீ.சு. இருந்ததா? அதை மூலை பார்த்து எடுத்து வைக்கவில்லையே, பிடரியைப் பார்த்தல்லவா எடுத்து வைத்தான், பெட்டியின் அடியில் கிடக்கிறது, திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். ஐசும்மா பொட்டலத்தை முந்தானையில் முடிந்துகொண்டு படியிறங்கினாள். கூப்பிடலாம், வாய் திறந்தால் போதும், இன்னும் மசூதித் தெரு திரும்பவில்லை… கூப்பிட்டு, அந்தத் தாள் வேண்டுமென்று சொன்னால், யாருடையது என்று கமலாத்தாள் கேட்பாள். யாருடையது என்று சொல்வது?