வெள்ளைமூக்கி போன தீவு

மூன்று வருடமாக வெள்ளைமூக்கி என்ற அந்தப் பெண் பனிமான் இதையேதான் செய்துகொண்டிருந்தது. வசந்தம் பிறந்ததும் பனிமான் கூட்டத்தைக் கரையிலிருந்து கடலில் இறக்கி, எதிரே தெரியும் பெரிய தீவுக்கு நீந்தவிடுவார்கள். கோடை முழுக்க மேய்ச்சல் அங்கேதான். கூட்டம் ஒரே கோடாக, தலைகள் மட்டும் நீருக்கு மேல் தெரிய நேராகப் போகும். பாதி வழியில் வெள்ளைமூக்கி மட்டும் சட்டென்று மேற்கே திரும்பி, ஹாவ்தா தீவைப் பார்த்துத் தன்னந்தனியாக நீந்திவிடும். அதுவும் நிறைசினையாக.

"அதுக்கு மூளை பிசகிப்போச்சு அக்கா," என்றான் ஐலு. "இந்தத் தடவை பிடிச்சு வந்ததும் வெட்டிருவோம். கறியாவது மிஞ்சும்."

மந்தை அக்கா ரிஸ்டினுடையது, எதை வெட்டுவது என்பதும் அவள் பாடு. ஆனால் வேறொரு விஷயம் அவளை அரித்துக்கொண்டிருந்தது. ஹாவ்தாவில் பாறைதான் உண்டு. இருக்கிற புல் நாலு ஆட்டுக்குக் காணாது. அப்படியிருந்தும் ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் போய்ப் பிடித்து வரும்போது, மந்தையிலேயே கொழுத்த மான் வெள்ளைமூக்கிதான். அங்கே அப்படி என்ன தின்கிறது?

"இலையுதிர் காலம் வரைக்கும் என்னால காத்திருக்க முடியாது," என்றாள் ஒரு காலையில். "படகை எடு."

"ஒரு மானு என்ன திங்குதுன்னு பாக்கவா?"

"ஆமா. உனக்குத் தெரியுமா, சொல்லு."

ஐலுவுக்குத் தெரியாது. படகை எடுத்தான்.

ஃபியோர்டு என்னும் நீண்ட கடல்கழியின் உள்முனையில் இன்னும் பனிக்கட்டி மிதந்தது. இரண்டு பக்கமும் மலைகள் செங்குத்தாகத் தண்ணீருக்குள் இறங்கியிருக்க, உச்சியிலிருந்து பனி உருகிய ஓடைகள் வெள்ளை நூல்போலத் தொங்கின. வெளிக்கடல் பக்கம் போகப் போக மலைகள் விலகி, தீவுகள் ஒவ்வொன்றாக ஒன்றின் முதுகுக்குப் பின்னாலிருந்து மற்றொன்று எழுந்து வந்தன. குறுகலான கால்வாயில் வற்றும் கடல்நீர் சுழித்துக்கொண்டு ஓடியது. அதில் படகை விட்டால் பாறையில்தான் முட்டும். ஓதம் மாறும் வரை கரையில் ஏறி, அடித்து ஒதுங்கிய கட்டைகளைக் கொளுத்திக் காப்பி போட்டார்கள்.

ரிஸ்டின் சுழலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "முதல் வருஷம் இந்த ஓட்டந்தான் அதை இழுத்துட்டுப் போயிருக்கும். சரி. அடுத்த ரெண்டு வருஷம்? அதுவாத்தானே போச்சு?"

"அங்க காதலன் வச்சிருக்கோ என்னவோ," என்றான் ஐலு, வழக்கம்போலக் காய்ந்த மான்கறியைக் கத்தியால் சீவிக் காப்பிக்குள் போட்டபடி.

ஹாவ்தா துறையில் கால் வைத்ததுமே சண்டைச் சத்தம் கேட்டது. கருவாட்டுப் பந்தலுக்குக் கீழே ஓர் ஆணும் பெண்ணும் கத்திக்கொண்டிருந்தார்கள். குளிர்காலத்தில் பிடித்த காட் மீன்களின் தலைகளைக் கொத்துக் கொத்தாகக் கட்டி உயர மரச்சட்டங்களில் தொங்கவிட்டிருந்தார்கள். கீழ் வரிசையில் பல இடங்களில் வெறும் கயிறுதான் ஆடியது.

"உன் நாயைக் கட்டிப் போடுன்னு எத்தனை தடவை சொல்றது யோர்டிஸ்?" என்றார் பந்தலுக்குச் சொந்தக்காரரான ஓட்வின்.

"கட்டித்தான்யா போட்டிருக்கேன்! ஈஸ்டரிலேர்ந்து அது வெளிச்சமே பாக்கலை. உன் கருவாட்டுக்காக என் நாய் ஜெயில்ல கெடக்கணுமா?" என்றாள் பக்கத்து வீட்டு யோர்டிஸ்.

"போன வருஷமும் போச்சு. அதுக்கு முந்தின வருஷமும்."

ரிஸ்டினுக்குக் காது நிமிர்ந்தது. "அண்ணே, அதுக்கும் முந்தி?"

ஓட்வின் அப்போதுதான் அவர்களைக் கவனித்தார். "இல்லம்மா. மூணு வருஷமாத்தான் இந்தக் கூத்து. நீங்க மானைத் தேடியா வந்தீங்க? அது மேல மலையில நிக்கும், கீழ வராது. இப்ப சாப்பாட்டு நேரம், உள்ள வாங்க."

ஊரே மதியச் சாப்பாட்டுக்கு வீடடைந்தது. ஐலு அவித்த மீனுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டான். ரிஸ்டின் மட்டும் பந்தலுக்குத் திரும்பிப் போனாள். குனிந்து பார்த்தாள். ஈரக் கடல்பாசியில் பிளவுபட்ட, அகலமான குளம்புத் தடங்கள். கவிழ்த்துப் போட்ட படகுக்குப் பின்னால் ஒடுங்கிக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் மேட்டிலிருந்து வெள்ளைமூக்கி அவசரமே இல்லாமல், தன் வீட்டு அடுக்களைக்குள் நுழைகிறவள் மாதிரி இறங்கி வந்தது. பின்னால் கால் தடுமாறும் புதுக் குட்டி ஒன்று. மான் கழுத்தை நீட்டி, ஒரு மீன்தலையைப் பல்லால் பற்றி உலுக்கி இழுத்தது. பிறகு கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு மெல்லத் தொடங்கியது. நொறுக், நொறுக் என்று எலும்பு உடையும் சத்தம் படகு வரை கேட்டது.

ரிஸ்டின் ஊர்ந்து பின்வாங்கிப் போய் ஐலு, ஓட்வின், யோர்டிஸ் மூவரையும் கூட்டி வந்தாள். அவர்கள் வந்தபோது அது மூன்றாவது தலையில் இருந்தது.

"புல்லு திங்கிற ஜாதிதானே இது?" என்றார் ஓட்வின், கிசுகிசுப்பாக.

"நேத்து வரைக்கும் நானும் அப்படித்தாண்ணே நெனச்சேன்."

"வயித்துல குட்டி, அப்புறம் பால். எலும்புச் சத்துக்கு அலையுது," என்றாள் யோர்டிஸ். "நான் ரெண்டாவது பையனைச் சுமந்தப்ப சுவத்துச் சுண்ணாம்பை நக்கினேன்." பிறகு ஓட்வின் பக்கம் திரும்பினாள். "சரி, சொல்லு. யாரு திருடி?"

"தப்புத்தான் யோர்டிஸ். மன்னிச்சுக்க."

"எங்கிட்ட எதுக்கு? நாய்க்கிட்டப் போயிச் சொல்லு."

ஓட்வின் நிஜமாகவே போனார். கதவைத் திறந்ததும் நாய் அவரை ஏறிட்டும் பார்க்காமல் கடற்கரைக்கு ஓடிப் பாசியில் புரண்டது. நாயின் சத்தத்துக்கு வெள்ளைமூக்கி மிரண்டு, குட்டியைக் கூட்டிக்கொண்டு மேடேறிவிட்டது. ஐலு சுருக்குக் கயிற்றைத் தூக்க, ரிஸ்டின் அவன் கையைப் பிடித்தாள்.

"விடுடா. இவ்வளவு தூரம் நீந்தி வந்து சாப்பிடுது. இதை வெட்டச் சொன்ன பாரு."

"சேதத்துக்கு இலையுதிர் காலத்துல ஒரு கிடாய் கொண்டாறேண்ணே," என்றாள் ஓட்வினிடம்.

"கிடாய் கொண்டாம்மா, வேண்டாங்கலை. ஆனா கீழ் வரிசையை இனி அதுக்கே விட்டுர்றேன். நாளைக்கும் பாக்கணும் எனக்கு. ராத்திரி எங்க ஆத்தாகிட்டச் சொன்னா நம்பவே மாட்டா."

அவர் ஒரு சாக்கு நிறைய மீன்தலை கட்டிக் கொடுத்தார், ரிஸ்டின் கேட்டாள் என்பதற்காக. எதற்கு என்று ஐலு வழியெல்லாம் நச்சரித்தான். பெரிய தீவில் இறங்கியதும் மந்தைக்கு நடுவே சாக்கைக் கவிழ்த்தாள். மான்கள் வந்தன, மோந்தன, தும்மின, போய்விட்டன. கிழட்டுக் கிடாய் ஒன்று அவமானப்பட்ட மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"போதுமா? கிறுக்கு அது ஒண்ணுக்குத்தான்," என்றான் ஐலு.

அப்போது கூட்டத்தின் ஓரத்திலிருந்து ஓராண்டுப் பெட்டை ஒன்று வந்தது. போன கோடையில் ஹாவ்தாவில் வெள்ளைமூக்கிக்குப் பிறந்தது. ஒரு தலையை வெகுநேரம் நக்கியது. பிறகு அதைக் கவ்விக்கொண்டு, மற்றவை பார்க்கின்றனவா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, பாறைக்குப் பின்னால் மறைந்தது.

"உஷ்," என்றாள் ரிஸ்டின். காலணியின் ஓசை கேட்காதபடி, பாசி மெத்தையில் கால் வைத்து அதன் பின்னாலேயே போனாள்.