அழுத்திச் சொன்ன கேன்

1

இந்தக் கதை என் தப்பில் பிறந்தது. பிழைக்க வந்த இந்த வெளிநாட்டில் என் மனைவிக்கு, மருத்துவமனைத் துணிகளைத் துவைத்து மடிக்கும் கூடமொன்றில் வேலைக்காகத் தொலைபேசியில் நேர்காணல். நான் அச்சகத்தில் பிழைதிருத்துகிறவன், ஆங்கிலம் தெரிந்தவன் என்று வீட்டில் பெயரெடுத்தவன். அவளுக்கு ஒரு வாரம் பாடம் நடத்தினேன். "முடியும்னு சொல்றப்ப முணுமுணுக்காதே. 'கேன்'னு அடிச்சுச் சொல்லு."

எட்டு மணி நேரம் நிற்க முடியுமா என்று கேட்டார் எதிர்முனை அம்மாள். இவள் அடித்துச் சொன்னாள்: ஐ கேன் ஸ்டாண்ட். உண்மையைச் சொன்னதற்கு நன்றி என்று அவர் கனிவாகச் சொல்லிவிட்டு ஃபோனை வைத்துவிட்டார். பாராட்டு என்று நினைத்து நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

மூன்றாம் நாள் கடிதம் வந்தது. நிற்க முடியாது என்று தாங்களே தெரிவித்தபடியால்...

2

(கொஞ்சம் கட்டுரை. பொறுத்துக்கொள்ளுங்கள்.) இந்த நாட்டுக்காரர்கள் பேச்சில் 'முடியும்' என்கிற கேன் நைந்து வெறும் 'க்ன்' ஆகிவிடும், அழுத்தமெல்லாம் அடுத்த சொல்லுக்கு. 'முடியாது' என்கிற கேன்ட்டைத்தான்* அழுத்துவார்கள், அதிலும் கடைசி 'ட்'டை விழுங்கிவிட்டு. ஆக, அழுத்திச் சொன்ன கேன் அவர்கள் காதில் 'முடியாது'. இவள் தன் வழக்கப்படி முணுமுணுத்திருந்தால் வேலை கிடைத்திருக்கும்.

* நம் பள்ளிக்கூடத்துக் 'கான்ட்' இங்கே செல்லுபடியாகாது. இதையெல்லாம் கடிதம் வந்த பிறகுதான் படித்தேன்.

3

அவள் ஜன்னலோரம் கண்ணீர் மல்க நின்று, தொலைவில்...

[இந்த வரியை அடித்துவிட்டேன். அவள் அழவில்லை. அந்த வாரம் முழுக்க என் முன்னால் உட்காரவில்லை, அவ்வளவுதான். நின்றுகொண்டே சாப்பிட்டாள். நின்றுகொண்டே என் சட்டைக்குப் பட்டன் தைத்தாள்.]

கோபமா என்று கேட்டேன். "இல்ல" என்றாள். அந்த 'இல்ல'வில் அழுத்தம் எங்கே விழுந்தது என்று மூன்று நாள் யோசித்தேன். தாய்மொழியிலேயே எனக்குக் காது மந்தம் போலிருக்கிறது.

4

கதைக்குத் தோன்றிய முடிவுகள்:

(அ) கூடத்திலிருந்து அவர்களே கூப்பிட்டு மன்னிப்புக் கேட்கிறார்கள்.

(ஆ) நான் கூப்பிட்டு, தப்பு என்னுடையது என்கிறேன். (ஆங்கிலத்தில் பிழை திருத்துவேனே தவிர, பேச எனக்கு நாக்கு புரளாது. இதை இதுவரை அவளிடம் சொன்னதில்லை.)

(இ) நீங்களே ஏதாவது பார்த்து...

இதுவரை எழுதியதை என் தோளுக்குப் பின்னாலிருந்து அவள் படித்துவிட்டாள். (ஆ)வில் கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் (அ)வைக் காட்டி, இப்படி நடக்கவே நடக்காது என்றாள். தானே மறுபடி கூப்பிட்டு, நிற்க முடியும் என்று சொல்லப்போகிறாளாம். இப்போதே.

அந்த அழைப்பில் என்ன ஆயிற்று என்பதை நான் எழுதப்போவதில்லை. அது அவள் பேச்சு. நான் வாய் வைத்தது போதும். வேலை கிடைத்ததா என்பதை உங்களிடம் விட்டுவிடுகிறேன். அவள் எண்களை அழுத்த ஆரம்பித்தபோது நான் கேட்டதை மட்டும் சொல்கிறேன்.

"கோவம் இருக்கா, இல்லையா? நேராச் சொல்லு. என்ன பேசணும்னு எழுதித் தரட்டுமா?"

"கோவம்தாங்க. நிறைய. நீங்க ஒண்ணும் எழுதித் தர வேணாம், பக்கத்துல இருங்க."