படத்தின் மறுபாதி

நடந்ததை நடந்த ஒழுங்கிலேயே எழுத முயல்கிறேன். ஞாயிறு அன்றே எழுதியிருக்க வேண்டும், முடியவில்லை. இன்று செவ்வாய். நேரங்களில் பத்து நிமிடம் வரை பிழை இருக்கலாம். ஞாயிறு வள்ளம் திரும்பும் வரை எங்கள் ஆசிரியர் நடராசா மாஸ்டரின் கைக்கடிகாரத்தைப் பார்த்துத்தான் குறித்தேன், அது பிந்தி ஓடும் என்பது வகுப்பில் எல்லாருக்கும் தெரியும். பிறகு போன வீடுகளின் சுவர் மணிக்கூடுகளைப் பார்த்தேன்.

எங்கள் பின்னேர வகுப்பில் பதினொரு பேர். பகலில் வயல், பின்னேரம் ஐந்தரைக்குப் பாடசாலைக் கொட்டில். பத்துப் பேருக்குக் குடியேற்றத் திட்டத்தில் சொந்தக் காணி இருக்கிறது. எனக்கும் அப்பாவுக்கும் இல்லை. அவர்களுடைய வயலில்தான் நாங்கள் வேலை செய்கிறோம். வருகிற வியாழக்கிழமை இரண்டாம் கட்டக் காணிகளுக்குக் காணிக் கச்சேரி, அதாவது யாருக்குக் காணி என்று தீர்மானிக்கும் அரசாங்க விசாரணை, நடக்கிறது. நானும் விண்ணப்பித்திருக்கிறேன். இலங்கைப் பிரசை என்று காட்டாதவனுக்குக் காணி இல்லை. நான் பிரசை என்று காட்ட அப்பா இங்கே பிறந்தவர் என்று காட்ட வேண்டும். அப்பாவுக்குப் பிறப்புச் சாட்சிப் பத்திரம் கிடையாது. இருப்பது அவர் வேலை செய்த தோட்டத்தை விட்டு வரும்போது கொடுத்த கடிதாசித் துண்டு ஒன்று. அதில் 'காத்தான், இலட்சுமி மகன், வெள்ளாங்குடாத் தோட்டம்' என்று இருக்கிறது. பிறந்த இடம் என்ற கட்டத்தில் ஒன்றும் எழுதவில்லை. இரண்டு முறை அதைக் காணி அலுவலகத்துக்குக் கொண்டுபோய் இரண்டு முறையும் திரும்பி வந்தேன்.

அறுவடை முடிந்த பிறகு வகுப்பைக் கொக்கிளாய்க் களப்பு என்னும் கடல்நீர் ஏரியில் வள்ளத்தில் கூட்டிப்போவதாக மாஸ்டர் சொன்னார். வழியில் வெள்ளாங்குடாவில் ஒரு மணித்தியாலம் இறங்கிப் வெள்ளைக்காரத் துரையின் பழைய பங்களாவைப் பார்ப்போம், பிறகு கடல் வாய் வரைக்கும் போவோம், வந்து எல்லாரும் ஒரு கட்டுரை எழுத வேண்டும் என்றார். சனிக்கிழமை இதை அப்பாவிடம் சொன்னேன்.

"அங்கயோ இறங்கப் போறியள்?" என்றார். கொஞ்ச நேரம் மண்வெட்டிப் பிடியைச் சீவிக்கொண்டிருந்தார். "துரைசாணி என்னையும் ஆத்தாவையும் படம் பிடிச்சவவாம். ஆத்தா சொல்லுவா. நான் காணேல்லை. முன்பக்க விறாந்தையில ஏற எங்களை எங்க விட்டவங்கள்?"

"நீங்களும் வாங்கோவன் அப்பா."

"அந்த வளவுக்குள்ள நான் இனிக் கால் வைக்கமாட்டன்."

எனக்கு இரவு முழுவதும் ஒரு யோசனை. மற்றவர்கள் பார்க்கப் போகிறார்கள், நான் தேடப் போகிறேன். அதை மாஸ்டரிடம் முன்கூட்டியே சொல்வதா வேண்டாமா? சொன்னால் தடுத்துவிடுவார் என்று பயந்து சொல்லவில்லை. அது சரியா என்று இன்றும் தெரியவில்லை.

ஞாயிறு காலை எட்டேகாலுக்கு வள்ளம் புறப்பட்டது. வள்ளக்காரர் யாக்கோப்பு எங்களை ஏற்றும்போதே சொல்லிவிட்டார்: "மத்தியானம் திரும்பினாக் காத்து எழும்பும். நான் சங்கு ஊதினா எல்லாரும் வந்திட வேணும். வராத ஆளுக்கு நண்டுதான் துணை." பத்து மணிக்கு வெள்ளாங்குடா. தென்னைகளுக்கு நடுவே உயரமான கூரை, பதினான்கு தூண். தூண்களை எண்ணியதற்குக் காரணம் கட்டுரை அல்ல. எதையாவது எண்ண வேண்டியிருந்தது.

படிக்கட்டில் எல்லாரும் செருப்பைக் கழற்றினார்கள். யாரும் சொல்லவில்லை, ஒருவர் கழற்ற மற்றவர்களும் கழற்றினார்கள். இரஞ்சிதம் அக்கா வரிசையாகக் கிடந்த செருப்புகளைப் பார்த்தார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறியவர், எங்கள் வகுப்பில் எதையும் பேச அஞ்சாதவர்.

"சாமி எந்த அறைக்குள்ள இருக்குது மாஸ்டர்? கற்பூரம் கொண்டுவர மறந்துபோனன்."

பங்களாவைப் பார்த்துக்கொள்ளும் மயில்வாகனம் அண்ணைக்கு அது பிடிக்கவில்லை. அவர் வெள்ளை வேட்டி உடுத்து, கதவுத் திறப்புக் கொத்தை இடுப்பில் செருகி, எங்களுக்காகவே காத்திருந்தவர்போல் நின்றார். தோட்டம் இப்போது கொழும்பில் இருக்கும் ஒரு ஐயாவுக்குச் சொந்தம். அவர் வருடத்துக்கு ஒரு தடவை வருவாராம். மயில்வாகனம் அண்ணை துரையின் கட்டில், துரையின் சாய்வுக் கதிரை, துரை சுட்ட சிறுத்தையின் தோல், துரைசாணி வாசித்த பியானோ என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். பியானோவில் விரல் வைக்க விடவில்லை. யன்னலால் துரையின் நாயைப் புதைத்த இடத்தையும் காட்டினார். கறுப்புக் கல்லில் பெயரும் இரண்டு திகதியும் வெட்டியிருந்தன.

"நாய்க்குப் பிறந்த திகதியும் போட்டிருக்கினமே," என்றார் இரஞ்சிதம் அக்கா.

"சாதி நாய், பிள்ளை. கப்பலில வந்தது."

"வேலை செய்த சனம் எங்க இருந்தது?" என்று நான் கேட்டேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

"லயன் பின்னுக்கு இருந்தது. கூரை விழுந்துபோச்சு. அங்க பாக்க ஒண்டும் இல்லை."

நடு மண்டபத்தில் பன்னிரண்டு படங்கள். ஒவ்வொன்றின் முன்னும் நின்று பார்த்தேன். எட்டாவது படத்தில் ஒரு வெள்ளைக் குழந்தை, தொப்பியோடு. படத்தைச் சுற்றிப் பிரேமுக்குள் அகலமான மட்டை வைத்து, நடுவே நீள்வட்டமாக வெட்டியிருந்தார்கள். குழந்தையின் இடுப்பை ஒரு கை சுற்றிப் பிடித்திருந்தது. கறுத்த கை, மணிக்கட்டில் ஒற்றைக் காப்பு. முழங்கைக்கு மேல் மட்டை. கையின் சொந்தக்காரி மட்டைக்குப் பின்னால் இருந்தாள்.

அது யார் கையாகவும் இருக்கலாம் என்று எனக்கு நானே சொன்னேன். தோட்டத்தில் ஆயாமார் பலர் இருந்திருப்பார்கள். நான் விரும்பிய ஒன்றை அங்கே காண்கிறேனா? ஆனாலும் அந்த மட்டையைத் தாண்டிப் பார்க்காமல் வள்ளத்தில் ஏறினால், வியாழக்கிழமைக்கு முன் இன்னொரு வாய்ப்பு இல்லை.

"அண்ணை, இந்தப் பிரேமைக் கழட்டிப் பாக்கலாமோ?"

அவர் நான் பியானோவைக் கேட்டதுபோல் பார்த்தார். "கழட்டுறதோ? ஐயா வைச்ச இடத்தில ஒண்டையும் அசைக்கக்கூடாது. எதுக்குக் கழட்ட?"

அப்போதுதான் காரணத்தைச் சொன்னேன். மாஸ்டருக்கும் கேட்கும்படி சொன்னேன். மாஸ்டரின் முகம் சுருங்கியது. மயில்வாகனம் அண்ணை தலையை ஆட்டினார்.

"தம்பி, உன்ர கதை விளங்குது. ஆனா எனக்கு இந்தத் திறப்புத்தான் சோறு போடுது."

சுவரோடு முகத்தை வைத்துப் பிரேமின் பின்பக்கத்தைப் பார்த்தேன். சுவரில் இருந்து பிரேமுக்குள் விரல் அகலத்துக்கு ஒரு மண்கோடு ஏறியிருந்தது.

"அண்ணை, கறையான். இஞ்ச வந்து பாருங்கோ. உள்ளுக்குப் போயிட்டுது."

அவர் வந்து பார்த்தார். கோட்டை நகத்தால் கிள்ளினார். வெள்ளைப் புழுக்கள்போல் கறையான்கள் கொட்டின.

"ஐயா வரேக்க படத்துக்குப் பதிலா வெறும் புத்துத் தொங்கும்," என்றார் இரஞ்சிதம் அக்கா. "கழட்டித் துடைக்காமல் விட்டா மற்றப் பதினொண்டுக்கும் போகும். பிறகு யாருக்கு ஏச்சு?"

"நீ கொஞ்சம் வாயை மூடு பிள்ளை," என்று சொல்லிக்கொண்டே அவர் குறடு எடுத்து வரக் குசினிப் பக்கம் போனார்.

பத்து ஐம்பதுக்குப் படத்தை மேசையில் கவிழ்த்து வைத்து ஆணிகளைக் கழற்றினார். எட்டு ஆணி. மட்டையின் கீழ் மூலையைக் கறையான் தின்றிருந்தது, தூக்கியதும் உடைந்தது. படம் தப்பியிருந்தது. அவர் அதைத் திருப்பினார்.

ஒரு பெண், கால் வெறுமையாக, இதே படிக்கட்டின் கீழ் நிற்கிறாள். வலது இடுப்பில் தொப்பி போட்ட வெள்ளைக் குழந்தை. இடது இடுப்பில் ஒன்றும் உடுத்தாத இன்னொரு குழந்தை, அரைஞாண் மட்டும். அவள் கமராவைப் பார்க்கவில்லை. இடப்பக்கத்துக் குழந்தை வழுகிவிடும் என்று பயந்தவள்போல் அதைக் குனிந்து பார்க்கிறாள்.

பின்பக்கத்தில் ஆங்கிலத்தில் மையால் எழுதியிருந்தது. நான் எழுத்துக் கூட்டத் தொடங்கினேன், மாஸ்டர் பொறுமை இழந்து தானே வாசித்துத் தமிழில் சொன்னார்: 'எங்கள் ஹரோல்டும், ஆயா இலட்சுமியின் மகன் காத்தானும். இருவரும் ஒரே வாரத்தில் இந்தத் தோட்டத்தில் பிறந்தவர்கள். டிசம்பர் 1899.'

இரண்டாம் முறையும் வாசிக்கச் சொன்னேன். வாசித்தார். அதை ஓர் எழுத்தும் விடாமல் ஆங்கிலத்திலேயே என் வகுப்புக் கொப்பியில் பிரதி செய்தேன். மூன்று தடவை ஒப்பிட்டேன்.

"படத்தைத் தருவியளோ அண்ணை? வியாழன் காட்டிப்போட்டு வெள்ளி கொண்டுவந்து தாறன்."

"அது மட்டும் கேளாதை. இந்த வீட்டை விட்டு ஒரு கரண்டியும் வெளிய போகாது."

"அப்ப மாஸ்டர், நீங்கள் இந்தப் பிரதியில ஒரு கையெழுத்து..."

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் அரசாங்க உத்தியோகத்தன், பரமலிங்கம். பிரசாவுரிமை விசயத்தில நான் கையெழுத்து வைச்சா நாளைக்கு என்னைக் கேள்வி கேப்பினம். மற்றது, என்ர கையெழுத்துச் செல்லவும் செல்லாது. சமாதான நீதவான் ஒருத்தர் படத்தைத் தன்ர கண்ணால பாத்து எழுதவேணும்."

அவர் சொன்னதில் பிழை இல்லை. அதனால்தான் அதிகம் வலித்தது.

களப்பில் இருந்து சங்கு கேட்டது. எல்லாரும் படிக்கட்டுக்குப் போய்த் தங்கள் தங்கள் செருப்பைத் தேடினார்கள். நான் மேசையை விட்டு நகரவில்லை.

"இங்க கிட்டின சமாதான நீதவான் ஆர் அண்ணை?"

"கனகலிங்கத்தார். ஆறு மைல். காட்டுப்பாதை, யானை திரியிற இடம்."

"அவரைக் கூட்டிக்கொண்டு வருமட்டும் படத்தை இப்பிடியே வைச்சிருப்பியளோ?"

"நாளை மத்தியானம் பன்னிரண்டு மணி. அதுக்குப் பிறகு ஆணி அடிச்சுப்போடுவன். ஐயாவின்ர ஆக்கள் எந்த நேரமும் வருவினம்."

மாஸ்டர் திரும்பி வந்தார். "விசர்க் கதை கதையாதை. உன்னை விட்டிட்டுப் போனா உன்ர அப்பாவுக்கு நான் என்ன சொல்லுறது?"

"படம் இருக்குது எண்டு சொல்லுங்கோ மாஸ்டர். அவருக்கு விளங்கும்."

இப்படி எதிர்த்துக் கதைத்தது வாழ்க்கையில் முதல் தடவை. சங்கு இரண்டாம் தரம் ஊதியது. இரஞ்சிதம் அக்கா தன் சோற்றுப் பார்சலை மேசையில் வைத்தார். "நெத்தலிப் பொரியல் இருக்கு. யானை வந்தா அதுக்குக் குடுக்காதை, நீயே தின்." கரையில் யாக்கோப்பு திட்டுவது கேட்டது. பிறகு எஞ்சின் சத்தம். பிறகு அதுவும் இல்லை.

பதினொன்றேகாலுக்கு நடக்கத் தொடங்கினேன். யானை இல்லை, இலத்தி மட்டும், சில இடங்களில் சூடாக. கனகலிங்கத்தாரின் வீட்டுக்குப் போனபோது அவர் நித்திரை. எழும்பியதும் முழுவதையும் கேட்டார். துண்டைப் பார்த்தார், கொப்பியைப் பார்த்தார். "பிரதியில நான் கையெழுத்து வைக்கமாட்டன். படத்தைப் பாத்தால் வைப்பன்," என்றார். "நாளைக்குக் காலமை ஒரு வேலிச் சண்டை விசாரணை இருக்குது. முடிஞ்சாப்போல வாறன்." விறாந்தையில் படுக்க இடம் தந்தார்.

திங்கள் காலை வேலிச் சண்டை முடியவே இல்லை. வேலிக்கு நட்ட ஒரு பூவரசுக் கதியால் யாருடையது என்று பத்தரை வரைக்கும் கதைத்தார்கள். நான் முற்றத்தில் நின்றேன். அவர் ஒவ்வொரு தடவை தலையைத் தூக்கியபோதும் நான் கண்ணில் பட வேண்டும் என்று நிழலுக்குப் போகவில்லை. கடைசியில் அவர், "அந்தப் பொடியன் வெயிலில கருகிப்போடுவான். கதியாலைப் பிறகு பாப்பம்," என்று எழும்பினார். அவர் சைக்கிளில், நான் பின்னால் ஓட்டமும் நடையுமாக. மணலில் சைக்கிள் புதைந்த இடங்களில் நான் தள்ளினேன்.

பங்களாவுக்குப் போனபோது பன்னிரண்டு பத்து. மேசை வெறுமையாக இருந்தது. படம் சுவரில் தொங்கியது.

கிட்டப் போய்ப் பார்த்தேன். மட்டை இல்லை. இலட்சுமியும் இரண்டு குழந்தைகளும் கண்ணாடிக்குப் பின்னால் முழுதாக நின்றார்கள்.

"மட்டையைப் பூச்சி அரிச்சுப்போட்டுது," என்றார் மயில்வாகனம் அண்ணை. "ஐயா கேட்டாப் பூச்சியைக் கேக்கச் சொல்லுறன். பன்னிரண்டு மணிக்கு ஆணி அடிப்பன் எண்டு சொன்னனான், அடிச்சுப்போட்டன்." கனகலிங்கத்தாரைக் கண்டதும் பெருமூச்சு விட்டுக் குறடை எடுத்தார். எட்டு ஆணியும் திரும்பக் கழன்றன.

கனகலிங்கத்தார் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும் என்றார். மயில்வாகனம் அண்ணை படத்தை இரண்டு கையாலும் யன்னலுக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றார். சாட்சியாகக் கையெழுத்து வைப்பீர்களா என்று கேட்டதற்கு மாட்டேன் என்றார். ஆனால் எழுதி முடிக்கும் வரை கையைத் தாழ்த்தவில்லை. 'மேற்படி படத்தையும் பின்புற எழுத்தையும் நான் நேரில் பார்த்தேன், இது உண்மைப் பிரதி' என்று கனகலிங்கத்தார் எழுதி முத்திரை குத்தினார்.

கரைக்கு வந்த மீன் வள்ளம் ஒன்றில் ஏறித் திங்கள் பொழுதுபட வீடு சேர்ந்தேன். அப்பா கடிதாசியைத் தொடவில்லை, கை ஈரம் என்றார்.

"எப்பிடி நிக்கிறா?"

"வெறுங்காலோட, அப்பா. ரெண்டு பக்கமும் ரெண்டு பிள்ளை."

"நான் எந்தப் பக்கம்?"

"இடப்பக்கம். உங்களைத்தான் பாத்துக்கொண்டு நிக்கிறா."

அவர் கிணற்றடிக்குப் போய்விட்டார்.

இன்று நாள் முழுக்க எனக்குப் பழைய சந்தேகம் வந்தது. படத்தில் இருக்கும் காத்தான்தான் துண்டில் இருக்கும் காத்தான் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று காணி அதிகாரி கேட்டால்? தாயின் பெயர் ஒன்று, தோட்டம் ஒன்று. போதுமா? அப்பாவிடம் இதைச் சொல்ல நினைக்கவில்லை, வாய்விட்டு யோசித்திருக்கிறேன்போல. அவர் அரிவாளைத் தீட்டுவதை நிறுத்தினார்.

"நானும் வாறன். இடப்பக்கத்தில இருக்கிற பிள்ளை நான்தான் எண்டு நானே சொல்லுறன். வேணுமெண்டா என்னோட அந்த வளவுக்கு வந்து பாக்கட்டும். வழி எனக்குத் தெரியும்."

வியாழன் கச்சேரி ஒன்பது மணிக்கு. எங்களை ஏற்றும் லொறி விடிய ஐந்தரைக்கு. அப்பாவின் வேட்டியைத் தோய்த்துக் கொடியில் போட்டிருக்கிறேன். துண்டையும் பிரதியையும் கொப்பிக்குள் வைத்துக் கட்டியாயிற்று. மாஸ்டரின் கட்டுரை இன்னும் எழுதவில்லை. அதை வெள்ளிக்கிழமை எழுதுவேன்.