கண்ணாடிக் கூண்டுக்குள் ஏழாவது ஆட்டக்காரர்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை மாலை வகுப்புப் பயிற்சிக்காகப் பிறந்தது. "இந்த வாரம் கேட்ட ஒரு குரலைப் பற்றி ஒரு பக்கம் எழுதுக." தொலைபேசி நிலையத்தில் இணைப்புப் பலகை முன்னால் நாள் முழுவதும் குரல்களோடு உட்கார்ந்திருப்பவளுக்கு இது சுலபம் என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும் நினைத்தேன். இதுவரை இரண்டு தாள் கிழித்தாயிற்று.

முதல் தொடக்கம்: "பனித்தரையில் வெயில் மின்னியது." (அடித்துவிட்டேன். ஆட்டம் கொட்டகைக்குள் நடந்தது. வெயில் எந்த வழியாக வரும்?)

இரண்டாவது: "லாக்லன் பேர்ட் ஒரு மாவீரர்." (இதையும் அடித்துவிட்டேன். அவர் இப்போது தானியக் கிடங்கில் மூட்டை எடை போடுகிறார்.)

மூன்றாவது தொடக்கத்தை வைத்துக்கொள்கிறேன்.

2

நேற்று, 1926 பிப்ரவரியின் இரண்டாம் சனிக்கிழமை, மதியம் இரண்டு மணிக்கு, கார்ட்மோர் கொட்டகையின் ஓரத்தில் இருந்த கண்ணாடிக் கூண்டுக்குள் லாக்லன் பேர்ட் தொலைபேசியோடு நுழைந்தார். எங்கள் ஊர்ப் பனி ஹாக்கி ஆட்டம் முதன்முறையாக வானொலியில் போகிறது. அவர் பேசுவது என் பலகை வழியாக நகரத்து நிலையத்துக்குப் போய், அங்கிருந்து பண்ணை வீடுகளுக்குப் பரவும். இணைப்பு அறுந்துவிடாமல் கேட்டுக்கொண்டே இருப்பது என் வேலை.

ஏற்பாடு செய்தவர் ரேடியோப் பெட்டி விற்கும் ப்ரூயிட். அவருடைய கட்டளைகள் இரண்டு. கூண்டின் கதவைத் திறக்கக் கூடாது, கூட்டத்தின் இரைச்சல் உள்ளே வந்துவிடும். பேச்சை நிறுத்தக் கூடாது, பெட்டி கெட்டுவிட்டதென்று ஜனங்கள் திருப்பிக் கொண்டுவந்துவிடுவார்கள். இந்த ஒரு ஆட்டத்தை ஒழுங்காகச் சொன்னால் இந்தப் பருவம் முழுவதும் லாக்லன்தான் சொல்வார். இல்லாவிட்டால் நாடகக் கொட்டகைக்காரர் ஒருவர் தயாராக இருக்கிறார். முடிவு திங்கட்கிழமை.*

* லாக்லனுக்கு இது ஏன் அவ்வளவு முக்கியம் என்று கேட்பீர்கள். முன்பெல்லாம் ஓர் அணிக்கு ஏழு பேர். ஏழாவது ஆள் ரோவர். அவனுக்கென்று இடம் கிடையாது, தரை முழுவதும் சுற்றுவான். லாக்லன் எங்கள் ரோவர். நான்கு வருடத்துக்கு முன் விதி மாறியது. ஆறு பேர் போதுமென்றார்கள். அன்றிலிருந்து அவர் டிக்கெட் வாங்கிக்கொண்டுதான் கொட்டகைக்குள் போகிறார்.

3

மூன்றாம் பகுதி ஆட்டம். ஒன்றுக்கு ஒன்று. கூண்டுக்குள் மூச்சு முட்ட முட்டப் பேசியதில் கண்ணாடி முழுவதும் ஆவி படிந்துவிட்டதாம். கையால் துடைத்தாராம், துடைத்த இடம் உறைந்ததாம். அவர் என்ன நினைத்திருப்பார் என்றால்

(நிறுத்துகிறேன். அவர் மனசுக்குள் என்ன ஓடியது என்று எனக்கு எப்படித் தெரியும்? கேட்டதை மட்டும் எழுதுகிறேன்.)

"நெஸ் வட்டைத் தட்டறான்... டூலிகிட்ட போகுது... டூலி ரோவருக்குத் தள்ளறான்! ரோவர் நடுவுல பூந்து வர்றான், ஒருத்தனத் தாண்டிட்டான், இன்னொருத்தனையும்..."

கையில் பிடித்த கம்பியோடு நான் அப்படியே நின்றேன். எந்த ரோவர்? கண் தெரியாத இடத்தில் அவருடைய நாக்கு பழைய ஆட்டத்தை ஆடிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு வாக்கியம் சொன்னால் கோல் விழுந்துவிடும். பண்ணை வீடுகளில் கைதட்டிவிடுவார்கள்.

அவர் பேச்சை நிறுத்தினார். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன். ஏழு வரை வந்தது. கண்ணாடியை யாரோ படபடவென்று தட்டும் சத்தம். பிறகு கதவு திறந்தது. கூட்டம் மொத்தமும் என் காதுக்குள் பாய்ந்தது.

"கதவ மூடுய்யா லாக்கி! லைன் பூரா இரைச்சல் போவுது!"

"கண்ணு தெரியல, மிஸ்டர் ப்ரூயிட். ஒரே ஆவி."

"தெரியாட்டி தெரிஞ்ச மாதிரி பேசேன்! வீட்டுல ஒக்காந்திருக்கறவனுக்கு மட்டும் தெரியுதாக்கும்?"

"அவங்களுக்குத் தெரியலன்னுதானே என்னை ஒக்கார வச்சீங்க? தள்ளி நில்லுங்க, மறைக்கறீங்க."

இவ்வளவும் வானொலியில் போய்க்கொண்டிருந்தது. ப்ரூயிட்டுக்கு அது தெரியாது. லாக்லனுக்குத் தெரியும். அவர் தொலைபேசிக்குத் திரும்பினார்.

"கேக்கறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். இப்ப ஒரு நிமிஷமா நான் சொன்னது ஆட்டம் இல்ல. ரோவர்னு யாரும் கிடையாது. நாலு வருஷமா கிடையாது. கோலும் விழல. இன்னமும் ஒண்ணுக்கு ஒண்ணுதான். இதோ, இப்பத் தெரியுது. டூலி கோலுக்குப் பின்னாடி நிக்கிறான், மூக்குல ரத்தம், ஆனா சிரிச்சிட்டிருக்கான்..."

கடைசி வரை கதவு திறந்தேதான் இருந்தது. ஆட்டம் சமனில் முடிந்தது. (இரண்டு கோல் அடிக்க வைக்கலாமா என்று ஒரு மணி நேரம் யோசித்தேன். வேண்டாம்.)

4

நான்கரை மணிக்கு அவர் தொலைபேசி நிலையத்துக்கு வந்தார். கையில் தொப்பி. பலகையில் அழைப்புகள் விழுந்துகொண்டே இருந்தன. மாலைக்குள் இருபத்து மூன்று பேர். எல்லோரும் கேட்டது ஒரே எண்: ப்ரூயிட்டின் கடை.

"எத்தன பேரும்மா திட்டினாங்க?"

"இணைச்சு விட்டப்புறம் நான் கேக்கக் கூடாது சார். விதி."

"ஒரு வார்த்தை கூடவா காதுல விழல?"

"இல்ல சார். ஆனா ஆட்டத்தக் கேட்டேன்."

"எப்படி இருந்துச்சு?"

"நீங்க கதவத் தொறந்ததும் எனக்கே குளிரெடுத்துடுச்சு."

அவர் சிரித்தார். இந்தப் பக்கத்தில் நான் சந்தேகப்படாத ஒரே வரி இதுதான்.

5

இந்தக் கதைக்கு எழுதிப் பார்த்த முடிவுகள்:

அ) இருபத்து மூன்று பேரும் பெட்டியைத் திருப்பித் தருவதாகச் சொன்னார்கள். (எழுதும்போதே கை கூசியது.)

ஆ) இருபத்து மூன்று பேரும், இனிமேல் கதவை மூடினால்தான் பெட்டியைத் திருப்பித் தருவோம் என்று (ஆசைப்படுகிறேன். ஆசைப்படுவதாலேயே நம்பத் தயக்கமாக இருக்கிறது.)

இன்று ஞாயிறு. தாளை நாளைக் காலை எட்டு மணிக்குள் ஆசிரியரிடம் சேர்க்க வேண்டும். ப்ரூயிட் கடை திறப்பது ஒன்பதுக்கு. ஆகவே முடிவு என்னிடம் இல்லை. பேசியவர்களிடம் இருக்கிறது. நீங்களும் நேற்று மதியம் கேட்டிருப்பீர்கள். அந்த ஏழு நொடி மௌனத்தையும், அதற்குப் பிறகு வந்த இரைச்சலையும். இன்னும் நேரமிருக்கிறது. தொலைபேசியின் கைப்பிடியைச் சுற்றுங்கள், ப்ரூயிட்டின் எண்ணைக் கேளுங்கள், உடனே இணைத்துவிடுகிறேன். என்ன சொல்கிறீர்கள் என்று நான் கேட்கமாட்டேன்.