இழுத்தால் திறக்கும்

நிலைய முதலாளிக்கு ஊரில் பெயர் 'குரல்'. இருபது வருஷம் பாட்டுப் போட்டு, பேசிப் பேசியே இந்த வானொலி நிலையத்தை விலைக்கு வாங்கிய மனுஷர். இன்று காலை அந்தக் குரலுக்கே தொண்டை வறண்டுவிட்டது. வரவேற்பறையில் உரிமம் கொடுக்கும் அதிகாரி ரேடியோவும் கையுமாக உட்கார்ந்திருந்தார். ஒலிபரப்பில் மௌனம் விழுந்ததற்கு ஏற்கெனவே இரண்டு எச்சரிக்கை. இனி ஒரே ஒரு தடவை இருபது செகண்ட் சத்தமில்லாமல் போனால் உரிமம் ரத்து.

இந்த நேரம் பார்த்தா தங்கையை நோண்டுவது? நிகழ்ச்சி நடத்துகிறவள் அவள். இவரோ ஸ்டுடியோ கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று, அவள் ஹெட்போனுக்குள் ஓதிக்கொண்டே இருந்தார். "இழுக்காத. சிரிக்காத. 'வந்து வந்து'ன்னு சொல்லாத."

பாட்டு ஓடும்போது அவள் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

"நீயே பேசிக்கோ அண்ணா. என்னால முடியாது."

பாட்டு முடிய நாற்பது செகண்ட். கெஞ்ச நேரமில்லை, கெஞ்சிப் பழக்கமும் இல்லை. ஓடிப்போய் உட்கார்ந்தார். ஒலிபரப்பு மேசையில், மைக்கைத் திறந்து மூடும் ஃபேடர் கட்டை தன் பக்கமாக இழுபட்டிருந்தது. அடடா, மைக் திறந்தே கிடக்கிறது, நல்லவேளை கத்தவில்லை என்று நினைத்துக்கொண்டார். அவர் காலத்து மேசைகளில் இழுத்தால் திறக்கும், தள்ளினால் மூடும். போன மாதம் அவரே வாங்கிப் போட்ட புது மேசையில் எல்லாம் தலைகீழ். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அதைக் காட்டிப் பெருமையடித்தாரே தவிர, ஒரு நாளும் அதன் முன் உட்கார்ந்ததில்லை.

பாட்டு முடிந்தது. வழக்கம்போல் கண்ணை மூடிக்கொண்டு, பழைய கம்பீரத்தோடு பேச ஆரம்பித்தார். மூடிய மைக்கில் அவர் வெளுத்துக்கட்ட, ஊர் முழுக்க ரேடியோ ஊமையாகக் கிடந்தது.

கதவு திறந்தது. தங்கை பாய்ந்து வந்து, வாயே திறக்காமல் கட்டையை அந்தப் பக்கம் தள்ளினாள்.

மூடிவிட்டாளே! அவர் பதறிப்போய் அவள் பக்கம் திரும்பினார்.

"என்ன பண்ற நீ? என் மேல கோபம்னா என்னைத் திட்டு, மைக்கை மூடாத. சரி, உண்மையைச் சொல்லிடறேன். நீ என்னைவிட நல்லாப் பேசுற. கேக்கக் கேக்க எனக்கு வயிறு எரியுது. அதனாலதான் ஒவ்வொரு வார்த்தைக்கும் குத்தம் சொல்றேன். போதுமா? இப்போ திற."

அவள் கண்ணால் மேலே காட்டினாள். அவள் பார்த்த பக்கம் அவரும் பார்த்தார். ஒலிபரப்பில் இருக்கிறோம் என்று காட்டும் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

தங்கை குனிந்து, நேரம் சொல்லி, அடுத்த பாட்டை ஓடவிட்டாள். அவள் தள்ளியதில் மைக் திறந்து, தான் சொன்னதெல்லாம் ஊருக்கே கேட்டுவிட்டது என்று முதலாளிக்கு அப்போதுதான் உறைத்தது.

அதிகாரி வாசலில் நின்றார்.

"பதினேழு செகண்ட் மௌனம். அப்புறம் வந்த பேச்சு நிகழ்ச்சியா, கோளாறா? கோளாறுன்னா அதையும் மௌனத்தோடதான் சேர்க்கணும்."

கோளாறு என்றால் நிலையம் போச்சு. நிகழ்ச்சி என்றால் சொன்னதெல்லாம் சொன்னதுதான், இனி மாற்றிப் பேச முடியாது. தங்கை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நிகழ்ச்சிதான் சார்," என்றார் முதலாளி. "தெரிஞ்சேதான் சொன்னேன். ஒவ்வொரு வார்த்தையும்."

அதிகாரி அதை அப்படியே எழுதிக்கொண்டார்.