மதகுக்கல்லில் ஒரு பெண்

படிவத்தில் நான்காவது கட்டத்தைச் சேர்த்தது நான்தான். பறவைகள், செடிகள், தண்ணீர் என்று மூன்றோடு நிறுத்தியிருக்கலாம். ஏரியில் மனிதர்களும்தானே இருக்கிறார்கள், வலை வீசுகிறார்கள், மாடு குளிப்பாட்டுகிறார்கள், நடைபாதையில் கைவீசி நடக்கிறார்கள், அவர்களை விட்டுவிட்டு எதை வாழிடம் என்று சொல்வது என்று வகுப்பில் பெரிதாகப் பேசினேன். பேசிய சூட்டிலேயே ஸ்கேலை வைத்துக் கோடும் போட்டேன்.

ஒன்பதாம் வகுப்பிலிருந்து மூன்று பேரைத் தேர்ந்தெடுத்திருந்தேன். கிஷோர், ஜெபா, கவிப்பிரியா. பருத்திப்பட்டு ஏரியை ஆறு வாரம் கவனித்து, கவனித்ததைக் கடைசி சனிக்கிழமை பள்ளி அரங்கத்தில் நடக்கும் அறிவியல் போட்டியில் சொல்ல வேண்டும். கிஷோருக்குக் காலை, ஜெபாவுக்கு ஞாயிற்றுக்கிழமை, கவிப்பிரியாவுக்கு வார நாட்களின் மாலை. அவள் வீடு ஏரியின் கிழக்குக் கரையில் இருந்தது. அங்கே மொட்டை மாடிகள் வரிசையாக நிற்கும். அவற்றில் ஒன்று அவளுடையது என்று தெரியும். எது என்று நான் கேட்டதில்லை.

ஒரே ஒரு விதிதான் வைத்தேன். பார்த்ததை எழுது, எழுதியதை அழிக்காதே. இரண்டாவது வாரமே கிஷோர் மாட்டிக்கொண்டான். பறவைக் கட்டத்தில் ஐந்து நாளும் நாமக்கோழி நாற்பது, நாற்பது, நாற்பது என்று எழுதியிருந்தான்.

"அதெப்படிடா தினமும் நாற்பது?"

"பஸ்ஸுலேர்ந்து பாத்தேன் மிஸ். கறுப்பா நெறய கீது. எறங்கி எண்ணுனா ஸ்கூலுக்கு லேட்டாயிடும்."

"அதனால நாற்பதா?"

"முப்பத்தொம்போதுன்னா பொய் மாரி இருக்கும் மிஸ்."

ஜெபா சிரித்துச் சிரித்து மேசையில் தலையை வைத்துக்கொண்டாள். நான் சிரிக்கவில்லை. பார்க்காத ஒன்றை எழுதுவது திருட்டு மாதிரி என்று கால் மணி நேரம் அவனைத் திட்டினேன். அதன்பின் வாராவாரம் அவன் தாள்களை மட்டும் வாங்கிப் பார்த்தேன். கவிப்பிரியாவின் தாள்களைக் கேட்கவேயில்லை. அவள் ஒழுங்காகச் செய்வாள் என்ற நம்பிக்கை.

நான் பள்ளியிலிருந்து ஐந்து மணிக்குக் கிளம்பிவிடுவேன். ஆசிரியர் அறையில் பக்கத்து நாற்காலி சுதாவுடையது. கணக்கு டீச்சர். "இருடி, ஒரு டீ குடிச்சிட்டுப் போலாம்" என்பாள். "ஆறு மணிக்குப் பிரசன்னா கூப்பிடுவார்" என்று பையை மாட்டிக்கொள்வேன். "மஸ்கட்டுலேர்ந்து மணி அடிக்குது, நகருங்கப்பா" என்று அவள் வழிவிடுவாள்.

அது ஒரு காலத்தில் உண்மையாக இருந்த பொய். மஸ்கட்டுக்குப் போன முதல் வருடம் என் கணவர் தினமும் ஆறு மணிக்குக் கூப்பிட்டார். பிறகு வெள்ளிக்கிழமைகளில். பிறகு ஒரு நாள், சண்டை எதுவும் இல்லாமல், சாப்பிட்டாயா என்று கேட்கிற குரலிலேயே, இனி நான் அங்கே வருவதாக இல்லை என்றார். பதினான்கு மாதம் ஆகிறது. நான் யாரிடமும் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று முடிவெடுத்ததும் இல்லை. மறுநாள் சுதா டீக்குக் கூப்பிட்டபோது வாயில் பழைய பதிலே வந்தது. அதற்கடுத்த நாளும் அதே வந்தது. பிறகு அதை மாற்ற ஒரு நாள் தேவைப்பட்டது. அப்படி ஒரு நாள் வரவில்லை.

ஆறு மணிக்கு வீட்டுக்குள் இருக்க மட்டும் முடியவில்லை. மற்ற நேரங்களில் அது வெறும் வீடு. ஆறு மணிக்குத்தான் கைபேசி மேசைமேல் கிடப்பது கண்ணில் படும். அதனால் மேற்குக் கரையில் இறங்கிக்கொள்வேன். பூங்காவும் படகுத்துறையும் மறுபக்கம். இந்தப் பக்கம் யாரும் வருவதில்லை. பழைய மதகின் மேல் ஒரு கல் உண்டு. அதில் உட்கார்ந்து, முக்குளிப்பான் ஓரிடத்தில் மூழ்கி வேறிடத்தில் எழுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஏழு மணி நெருங்கியதும் எழுந்து வீட்டுக்குப் போவேன்.

ஆறாவது வாரம் புதன்கிழமை, தொகுப்பதற்காக எல்லாத் தாள்களையும் ஆய்வகத்து மேசையில் பரப்பினோம். கவிப்பிரியாவின் எழுத்து சின்னதாக, அழுத்தமாக இருக்கும். முதல் தாளின் நான்காவது கட்டத்தில் வலை வீசுபவர் 2, நடப்பவர் 31 என்று எழுதி, அதற்குக் கீழே எழுதியிருந்தாள்: "மதகுக்கல்லில் ஒரு பெண். 5.50 முதல் 6.45 வரை. போன் பார்க்கவில்லை. யாரிடமும் பேசவில்லை."

அடுத்த தாளைப் புரட்டினேன். மதகுக்கல்லில் ஒரு பெண். அதற்கடுத்தது. மதகுக்கல்லில் ஒரு பெண், மடியில் பை. இருபத்தேழு மாலைகளில் இருபத்து நான்கில் நான் இருந்தேன். வராத மூன்று நாட்களும் எனக்கு நினைவிருந்தன. மழை பெய்த ஒரு நாள், பெற்றோர் கூட்டம் நடந்த ஒரு நாள், காய்ச்சலில் படுத்திருந்த ஒரு நாள். என் வாழ்க்கையை நானே இவ்வளவு சரியாக எழுதி வைத்திருக்க மாட்டேன்.

"இதுக்குத் தனியா ஒரு பார் போட்ருக்கேன் மிஸ்" என்று கிஷோர் மடிக்கணினியைத் திருப்பினான். திரையில் நடப்பவர், மீன் பிடிப்பவர், மாடு மேய்ப்பவர், சும்மா உட்கார்ந்திருப்பவர் என்று நான்கு தூண்கள். கடைசித் தூண் விரல் நகம் அளவே இருந்தது.

அரங்கத்தில் சுதா இருப்பாள். அவளுக்கு எண்கள்தான் தொழில். ஐந்து ஐம்பது முதல் ஆறு நாற்பத்தைந்து வரை, எனக்குக் காய்ச்சல் வந்த நாளில் மட்டும் இல்லை என்று திரையில் வந்தால் அவள் என் பக்கம் திரும்பிவிடுவாள்.

"இது வேணாமே" என்றேன். "ஒரே ஒருத்தர்தானே. நடக்கிறவங்களோட சேர்த்துடுங்க."

"அவங்க நடக்கவே மாட்டாங்களே மிஸ்" என்றாள் கவிப்பிரியா.

"நாப்பதுன்னு போட்டதுக்கு என்னை அந்தத் திட்டு திட்னீங்களே மிஸ்" என்றான் கிஷோர். குறும்பாகத்தான் சொன்னான். எனக்குக் காது சூடாகியது.

"யாருன்னு தெரியுமா உனக்கு?" என்று கவிப்பிரியாவிடம் கேட்டேன்.

"தெரியாது மிஸ். சூரியன் அவங்களுக்குப் பின்னாடி இறங்கும், மூஞ்சி கறுப்பாத்தான் தெரியும். உருவத்தை வெச்சுத்தான் எழுதுறேன்." கொஞ்சம் தயங்கினாள். "அம்மாவுக்கு எஸ்டேட்டு கம்பெனில ஷிப்ட்டு மிஸ். வர ஏழரை ஆயிடும். அவங்க அங்க உக்காந்துகினு இருந்தா மாடில தனியா இருக்கிற மாரி இருக்காது."

சரி, இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

அன்று மாலை நான் ஏரிக்குப் போகவில்லை. வியாழனும் போகவில்லை. வீட்டில் துணிகளை மடித்தேன். மடித்து வைத்திருந்தவற்றையும் எடுத்து மறுபடி மடித்தேன். வெள்ளிக்கிழமை காலை கவிப்பிரியா வகுப்பு வாசலிலேயே காத்திருந்தாள்.

"மிஸ், ரெண்டு நாளா அவங்க வரல. சைபர் போட்ருக்கேன். எதனா ஆயிருக்குமா மிஸ்?"

"ஒண்ணும் ஆயிருக்காது."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

மணி அடித்தது. அதைச் சாக்காக வைத்து உள்ளே போய்விட்டேன்.

சனிக்கிழமை அரங்கம் நிறைந்திருந்தது. நடுவராக வந்தவர் வீரராகவன், ஓய்வுபெற்ற விலங்கியல் பேராசிரியர். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துக் கேள்வி கேட்பார். ஜெபா ஆகாயத்தாமரை எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று படம் காட்டினாள். கிஷோர் நாமக்கோழிகளைச் சொல்லும்போது முதல் வாரத்து எண்ணிக்கை நம்பத்தகுந்தது அல்ல, காரணம் நான்தான் என்று அவனாகவே சொன்னான். கைதட்டினார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

கவிப்பிரியா நான்காவது கட்டத்துக்கு வந்தாள். சும்மா உட்கார்ந்திருப்பவர், ஒன்று. அரங்கத்தில் சிரிப்பு. மூன்றாவது வரிசையில் சுதாவும் சிரித்தாள்.

வீரராகவன் சிரிக்கவில்லை. "இருபத்து நாலு நாளும் ஒரே பெண்ணா?"

"ஆமா சார்."

"முகம் தெரியலைன்னு எழுதியிருக்கியேம்மா. அப்ப ஒரே ஆள்னு எப்படிச் சொல்ற? இருபத்து நாலு பேர் ஆளுக்கொரு நாள் வந்திருக்கலாமே."

"உக்கார்ற விதம் ஒண்ணுதான் சார். பையை மடியில வெச்சுப்பாங்க."

"கிட்டப் போய்க் கேட்டியா?"

"இல்ல சார். கிட்டப் போனா எழுந்து போயிடுவாங்களோன்னு போகல."

மறுபடி சிரிப்பு. அவர் கையை உயர்த்தி அடக்கினார். குரல் கடுமையாக இல்லை. "நல்லாப் பார்த்திருக்கே. ஆனா உறுதி செய்யாததை அறிக்கையில வைக்கக் கூடாது. இந்த வரியை எடுத்துடு. உங்க மிஸ்ஸும் இதைத்தானே சொல்லித் தந்திருப்பாங்க?"

அவள் என்னைப் பார்த்தாள். உதவி கேட்கிற பார்வை அல்ல. எடுக்க வேண்டுமா என்று விதியைக் கேட்கிற பார்வை. ஆறு வாரம், வெயிலில் காய்ந்த சிமெண்டுத் தரையில் தனியாக நின்று எழுதிய வரி. அது சரி என்று உறுதியாகச் சொல்லக்கூடிய ஒரே ஆள் அந்த அரங்கத்தில் நான்தான்.

எழுந்தேன். நாற்காலி பின்னால் நகர்ந்த சத்தம் பெரிதாகக் கேட்டது.

"ஒரே ஆள்தான் சார். நான்தான் அது."

யாரும் சிரிக்கவில்லை. பின்வரிசையில் யாரோ, "இன்னாது, மிஸ்ஸா?" என்றது மட்டும் கேட்டது. வீரராகவன் கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கி என்னைப் பார்த்தார். "எல்லா நாளுமா?"

"இருபத்து நாலு நாளும். அவள் எழுதியிருக்கிற நேரமும் சரி."

"அப்ப இருக்கட்டும்" என்று அவர் குறித்துக்கொண்டார். அவ்வளவுதான். அடுத்த குழுவைக் கூப்பிட்டார்கள்.

மதியம் அரங்கம் காலியான பிறகு கவிப்பிரியா வந்தாள். மகிழ்ச்சியாக இருப்பாள் என்று நினைத்திருந்தேன். குனிந்து சார்ட்டுகளைச் சுருட்டிக்கொண்டே பேசினாள்.

"ஸாரி மிஸ். நீங்கன்னு தெரிஞ்சா எழுதியிருக்க மாட்டேன்."

"பார்த்ததைத்தானே எழுதினே."

"திங்கக்கிழமை வருவீங்களா?"

தெரியாது என்றேன். அது உண்மை. மாடியில் ஒருத்தி நிற்கிறாள் என்று தெரிந்துகொண்டு அந்தக் கல்லில் எப்படி உட்காருவது என்று எனக்குத் தெரியவில்லை. கையை எங்கே வைப்பது, எப்போது எழுவது, எல்லாமே இனி அவளுக்காகச் செய்கிற மாதிரி ஆகிவிடும். அவளுக்கும் அது புரிந்திருக்க வேண்டும். சரி மிஸ் என்று சொல்லிவிட்டுச் சுருட்டிய தாள்களுக்கு ரப்பர் பேண்டு போட்டாள்.

வாசலில் சுதா நின்றிருந்தாள். கேட்கப் போகிறாள் என்று நின்றேன். அவள் என் கையிலிருந்த பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு கூடவே நடந்தாள். பேருந்து நிறுத்தம் வந்ததும், "எங்க ஊட்டுக்கு வர்றியா? மீன் கொழம்பு கீது" என்றாள். வகுப்பில் ஒருபோதும் பேசாத தமிழ். வீட்டில் பேசுவது போலிருக்கிறது. இத்தனை வருடத்தில் நான் அதைக் கேட்டதில்லை.

"இன்னைக்கு வேணாம் சுதா."

ஏன் என்று அவள் கேட்கவில்லை. நானும் காரணம் சொல்லவில்லை. சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. பதினான்கு மாதத்தில் முதல் முறையாகக் காரணமில்லாமல் ஒரு வேண்டாம். பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவள் ஷேர் ஆட்டோவில் ஏறிக்கொண்டாள். போகும்போது திரும்பிப் பார்த்துக் கையை லேசாகத் தூக்கினாள்.

நிறுத்தத்தில் நிழல் இல்லை. பருத்திப்பட்டு வழியாகப் போகும் பேருந்து வந்தது. கூட்டம் அதிகமில்லை, ஏறியிருக்கலாம். நான் ஏறவில்லை. சுதாவின் ஆட்டோ போன திசையைப் பார்த்துக்கொண்டு, அவள் வீடு எந்தத் தெருவில் என்று ஒருநாளும் கேட்டுவைக்கவில்லையே என்று யோசித்தபடி வெயிலில் நின்றிருந்தேன்.